தமிழில் சொல்லலாம் என்று சொன்னவள்

ஈப்போவிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிறேன் என்றதும் என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "தமிழ்நாட்டு வாத்தியார்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க மலேசியாவிலிருந்து ஆள் போகணுமா? கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறியா?" என்றாள். நான் பெரிய மனுஷி தோரணையில் விளக்கம் கொடுத்தேன். நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகவில்லை. வீட்டில் அந்த மொழியின் வாசனையே இல்லாத பிள்ளைகளுக்கு அதைக் கூடுதல் மொழியாக எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறேன். தமிழ்ப்பள்ளியில் இருபத்தெட்டு வருடம் அதைத்தான் செய்தேன். ஓய்வுபெற்ற பிறகு அதைப் பற்றிப் பேசுவதே தொழிலாகிவிட்டது.

அவள் சிரித்ததே எவ்வளவோ தேவலை. ஐந்து நாள் போய், நன்றாகச் சாப்பிட்டு, கடலைப் பார்த்து, ஒரு பெண்ணின் வேலையைத் தொலைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் பெயர் கஸ்தூரி. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். மார்ச் மாதம்தான், ஆனால் காலை எட்டு மணிக்கே ஜன்னல் கம்பி சுட்டது. வேர்க்கடலை, கொய்யாப்பழம், ஊக்கு, கைபேசி உறை என்று ஒருவர் பின் ஒருவராக விற்றுக்கொண்டு போனார்கள். செங்கல்பட்டை நெருங்கும்போது ஏரிக்கரை ஓரமாக வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். அரை மணி நேரம் ஆயிற்று. எங்கள் ஊரில் இதற்குள் பத்துப் பேர் படம் எடுத்துப் புகார் போட்டிருப்பார்கள். இங்கே ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நெளிவதை எதிரில் இருந்த பூக்காரம்மா கவனித்துவிட்டார்.

"இன்னாத்துக்கு இப்டி தவிக்கிற? போற ரயிலு போய்த்தான சேரணும்," என்றார். பிறகு என் கையில் ஒரு முழம் மல்லியைத் திணித்து, வாங்கிக்கொள் என்றார். வாங்கிக்கொண்டேன்.

நிலையத்தில் சபாபதி காத்திருந்தார். என்னை அழைத்த பள்ளிக் குழுமத்தின் ஒருங்கிணைப்பாளர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டவர். எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி மேடம்" என்பார். குழுமத்துக்கு மூன்று பள்ளிகள்: செங்கல்பட்டில் ஒன்று, மதுராந்தகத்தில் ஒன்று, சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே கடலோரத்தில் ஒன்று. மூன்றும் இங்கிலீஷ் மீடியம். பெரிய பணக்காரப் பள்ளிகள் இல்லை. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போடுகிறவர்களுக்கான பள்ளிகள்.

நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் இட்லியும் வடகறியும் வாங்கிக் கொடுத்தார். வடகறியை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. இந்தப் பயணத்தில் எனக்கு வாய்த்த கலப்படமில்லாத சந்தோஷம் அது ஒன்றுதான். நான் பழக்கதோஷத்தில், சாப்பிட்டாயிற்றா என்று எங்கள் ஊரில் விசாரிக்கிற மாதிரி, கடைக்காரரிடம் "பசியாறியாச்சா?" என்று கேட்க, அவர் திகைத்துப்போய் "இன்னும் ரெண்டு வெக்கட்டா?" என்றார். வைத்துவிட்டார்.

பயிற்சி நடந்த மண்டபத்து வாசல் பேனரில் என்னை லண்டனிலிருந்து வருபவர் என்று அச்சடித்திருந்தார்கள். எந்தக் காலத்திலோ ஒரு மாதப் பயிற்சிக்கு அங்கே போயிருந்ததை என் குறிப்பிலிருந்து உருவியிருக்கிறார்கள். "மலேசியான்னு போட்டா பேரண்ட்ஸுக்கு ஒரு இது வராது மேடம்," என்றார் சபாபதி. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பொய்யைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

உள்ளே இருபத்திரண்டு ஆசிரியைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒரே குரலில் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். எழுந்து வட்டமாக நில்லுங்கள், ஒரு விளையாட்டு விளையாடலாம் என்றேன். எழுந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது: "இன்னாடி தப்பு பண்ணோம், வந்த ஒடனே நிக்க வெக்கிறாங்க?"

அப்படிக் கேட்டவர்தான் கஸ்தூரி. கடலோரப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. நாற்பதைத் தாண்டியவர், ஒடிசலான உடம்பு. நான் எது சொன்னாலும் நம்பலாமா வேண்டாமா என்று எடை போடும் பார்வை. மதியம் நான் என் பார்வைத் தாளை விளக்கியபோது முதலில் கை தூக்கியவரும் அவர்தான். ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர் நிரப்பும் ஒரு பக்கத் தாள் அது. பிள்ளைகள் பேசினார்களா, ஆசிரியர் பொறுமையாகக் காத்திருந்தாரா, பிள்ளைகளின் தாய்மொழியைப் பாலமாகப் பயன்படுத்தினாரா என்று வரிசையாகக் கேள்விகள். பக்கத்தில் ஆம், இல்லை என்று கட்டங்கள். ஐந்தாம் நாள் மூன்று பேர் மாதிரி வகுப்பு எடுப்பார்கள், அதற்கு நான் இதை நிரப்புவேன் என்றேன்.

"மேடம், மார்க் போடுவீங்களா?" என்றார் கஸ்தூரி.

"இல்லம்மா. இது பரீட்சை இல்ல."

"ஆனா இந்த வருஷம் மூணு பேர தூக்கப்போறாங்கன்னு பேச்சு கீது மேடம். மாதிரி வகுப்புக்கும் மூணு பேரதான் போட்டு கீறாங்க. அதுல நான் ஒருத்தி."

நான் சபாபதியைப் பார்த்தேன். "அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி மேடம்," என்றார். நான் சிரித்தேன். எங்கள் ஊரில் அந்தத் தாளை நிரப்பியதும் ஆசிரியர் கையிலேயே கொடுத்துவிடுவோம். அது அவருக்கு மட்டும் சொந்தம். தலைமை ஆசிரியர்கூடக் கேட்க மாட்டார். இங்கேயும் அப்படித்தான் என்று யாரையும் கேட்காமலே நான் முடிவுகட்டிக்கொண்டேன். "பயப்படாதீங்க, உங்களுக்கு உதவத்தான் வந்திருக்கேன்," என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னேன்.

இரண்டாம் நாள் மதுராந்தகம். பஸ்ஸில் தனியாகவே வந்துவிடுகிறேன் என்று வீம்பு பிடித்தேன். ஊருக்குள் போகுமா என்று நடத்துனரிடம் கேட்டதற்குத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். தூக்கிப் போட்டாற்போல நெடுஞ்சாலை ஓரத்தில் என்னை இறக்கிவிட்டார். "வண்டி பைபாஸ்லயே போயிடும்மா. இப்டிக்கா நட, ஊரு வந்துரும்," என்றார். ஊர் வரவில்லை, நான்தான் ஊருக்குப் போனேன். பெரிய ஏரியின் கரையைப் பார்த்தபடி, நெல் மூட்டை ஏற்றிய லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. மூன்று பள்ளி ஆசிரியர்களும் அங்கே வந்து காத்திருந்தார்கள்.

அன்றுதான் அவர்கள் கொண்டுவந்த பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்த்தேன். கஸ்தூரியின் வகுப்பில் முப்பத்தோரு பிள்ளைகள். பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். முப்பத்தோரு நோட்டிலும் ஆங்கிலத்தில் ஒரே கட்டுரை: என் அப்பா காரில் அலுவலகம் போகிறார். மாலையில் எனக்கு ஐஸ்க்ரீம் வாங்கி வருகிறார். சிவப்பு மையில் சரி, சரி, சரி என்று போட்டிருந்தது.

"யாரோட அப்பாம்மா இவர்?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல குடுத்த நோட்ஸ் மேடம். இத மாத்தி ஒரு வரி எழுதினாலும் நோட்டு செக் பண்றப்ப கேப்பாங்க."

"பிள்ளைங்களுக்கு அர்த்தம் தெரியுமா?"

"இன்னாத்தச் சொல்றது மேடம்? மனப்பாடம் பண்ணிடுவாங்க. பாட்டு மாறி பாடுவாங்க. அர்த்தம் தமிழ்ல சொல்லத்தான் வோணும். தமிழ்ல பேசினா ஆபீஸ்ல எழுதி வாங்கிக்குவாங்க. நான் கதவ சாத்திட்டு மெதுவா சொல்லுவேன்."

மதியத்துக்குப் பின் முழு வேகத்தில் பேசினேன். பிள்ளைக்குத் தெரிந்த மொழியை வகுப்புக்கு வெளியே கழற்றிவைக்கச் சொல்லி, தெரியாத மொழியை உள்ளே திணிக்க முடியாது. முதலில் தமிழில் புரிய வையுங்கள், தமிழில் சிரிக்க வையுங்கள். பிறகு அதே விஷயத்தை இங்கிலீஷில் சொல்லக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். தமிழ் உங்கள் எதிரி இல்லை. இதைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யாதீர்கள், திறந்துவைத்துச் செய்யுங்கள் என்றேன். நான் சொன்னதில் இப்போதும் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். அதுதான் என்னைத் தின்கிறது.

"நெஜமாவா மேடம்? மாதிரி வகுப்புலயும் தமிழ்ல சொல்லலாமா?" என்று கேட்டார் கஸ்தூரி.

"தாராளமா," என்றேன். "யாராவது கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

மூன்றாம் நாள் கடற்கரைப் பள்ளிக்குப் போனோம். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். நசுங்கி நின்ற எங்களைப் பார்த்து நடத்துனர், "உள்ள போ, உள்ள போ, கிரவுண்டு மாறி எடம் கீது," என்று கத்திக்கொண்டே வந்தார். திருக்கழுக்குன்றத்தில் டயர் பஞ்சர். ஏறியவர்கள் எல்லாம் இறங்கி, முணுமுணுக்காமல் பக்கத்துக் கடையில் கூழ் குடிக்கப் போனார்கள். நானும் குடித்தேன். கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் அந்த வெயிலுக்கு எவ்வளவு இதம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கல்பாக்கத்துக்காரர்களின் அலுவலகப் பேருந்து ஒன்று காலி இருக்கைகளோடு எங்களைக் கடந்து போனது. அதைப் பார்த்துச் சபாபதி பெருமூச்சு விட்டார். அவர் முப்பது வருடம் அப்படி ஒரு பேருந்தில் போய் வந்தவர்.

வகுப்பில் கஸ்தூரி கதவைச் சாத்தவில்லை. ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் கடைசிப் பலகையில் உட்கார்ந்து கவனித்தேன். அவருடைய இங்கிலீஷ் சுமார்தான். அதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை. ஆனால் எந்தப் பிள்ளை எப்போது திணறும் என்று முன்கூட்டியே தெரிந்து அந்தப் பலகையருகே போய் நின்றுவிடுவார். எத்தனையோ பயிற்சியில் நான் சொல்லிக்கொடுக்க முயன்று தோற்ற விஷயம் அது. அவருக்குத் தானாக வருகிறது.

மதியம் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். கோட்டைச் சுவர் ஓரமாகப் போகும் பாதை. டச்சுக்காரர்கள் கட்டியது, இடிந்து கிடக்கிறது. நான் நின்று படம் எடுத்தேன். கஸ்தூரிக்கு அது துணி உலர்த்த வாகான சுவர், அவ்வளவுதான். "உள்ள கல்லற கீது மேடம், வெள்ளக்காரங்கோ வந்து ஃபோட்டோ புடிப்பாங்க," என்று சொல்லிவிட்டு நடையை வேகப்படுத்தினார்.

மாங்காய் போட்ட சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல். எங்கள் ஊர் மீன் கறியில் தேங்காய்ப்பால் மிதக்கும். இதில் புளியும் காரமும் முகத்தில் அறைந்தது. கண்ணீரும் மூக்குமாக மூன்று தடவை சோறு வாங்கினேன். கஸ்தூரியின் கணவர் அந்தப் பக்கத்துத் திண்ணையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "சாப்ட்டு பழகலியா? மெதுவா சாப்டுங்கோ," என்று ஒரே ஒரு தடவை பேசினார்.

மகள் வைஷ்ணவி ஒன்பதாம் வகுப்பு. அதே பள்ளியில் படிக்கிறாள். ஆசிரியையின் பிள்ளை என்பதால் சம்பளம் கட்டாத இடம்.

"அடுத்த வருஷம் பத்தாவது மேடம்," என்றார் கஸ்தூரி, தட்டில் மீனை வைத்துக்கொண்டே. "நான் அங்க கீற வரைக்கும்தான் அவளுக்கு சீட்டு. என்ன தூக்கிட்டா அவளும் வெளிய வரணும். பத்தாவதுல எங்க போயி சேத்துப்பாங்க சொல்லுங்க? இவரு ஒரு நா கடலுக்குப் போறாரு, நாலு நா காத்துன்னு ஒக்காந்துகினு கீறாரு. அதான் மாதிரி வகுப்ப நெனச்சா பேஜாரா கீது."

"உங்களை மாதிரி டீச்சரை யார் விடுவாங்க?" என்றேன். வாய் நிறையச் சோறு இருந்தது. அப்போது எனக்கு எல்லாமே தெரிந்த மாதிரி இருந்தது.

நான்காம் நாள் விடுமுறை என்று சொல்லி என்னை மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் வைத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் நிகழ்ச்சி அங்கே ஒரு மண்டபத்தில். தெருவெல்லாம் கல் கொத்தும் சத்தம். சிற்பப் பட்டறை முற்றங்களில் தலையில்லாத யானைகளும் முகமில்லாத அம்மன்களும் வரிசையாக நின்றன. கோயிலையும் பாறையையும் பார்க்க வேண்டியதுதான், பார்த்தேன். செருப்பைக் கழற்றினால் காலடியில் கல் கொதிக்கிறது. ஒரு வெளிநாட்டுத் தம்பதியிடம் வழிகாட்டி ஒருவர் சரளமாக இங்கிலீஷ் பேசிக்கொண்டு போனார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "படிப்பா? இதே ரோட்லதான் மேடம். மொதல்ல சங்கு மாலை வித்துகினு இருந்தேன்," என்றார். அவர் பேசியதை அந்தத் தம்பதி ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டார்கள். மூன்று பள்ளிகளிலும் சேர்த்து இவர் அளவுக்குத் தைரியமாகப் பேசுகிறவர் ஒருவர்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கஸ்தூரி பஸ் பிடித்து வந்துவிட்டார். கடற்கரையில் ஒரு கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்து பாடத்தைத் திட்டமிட்டோம். அவருக்கு அந்தக் கார், அலுவலகம், ஐஸ்க்ரீம் பாடமே போதும் என்று தோன்றியது. பிள்ளைகள் பிசகாமல் ஒப்பிப்பார்கள், பார்க்க வரும் பள்ளித் தாளாளர் சந்தோஷப்படுவார், வேலை தப்பிக்கும். நான்தான் விடவில்லை.

"உங்க பிள்ளைங்க அப்பா என்ன வேலை செய்யறார்? அதைச் சொல்ல வைங்க. முதல்ல தமிழ்ல பேச விடுங்க, பிறகு இங்கிலீஷ்."

"கரஸ்பாண்டண்ட் வந்து குந்தினு இருப்பாரே மேடம்."

"இருக்கட்டும். அவருக்கும் புரியட்டும்."

அவர் மணலைக் கையால் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க இவ்ளோ தூரத்துலேந்து வந்து சொல்றீங்க. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். சரி என்று தலையாட்டினார்.

ஐந்தாம் நாள். மண்டபத்தில் மேடை போட்டு, கஸ்தூரியின் முப்பத்தோரு பிள்ளைகளையும் வேனில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். முன்வரிசையில் தாளாளர். வெள்ளைச் சட்டை, மென்மையான குரல், என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டவர். அவருக்குப் பக்கத்தில் பெற்றோர் சங்கத்துக்காரர்கள் நாலு பேர். மற்ற இரண்டு ஆசிரியர்கள் அதே பிள்ளைகளை வைத்து முதலில் எடுத்தார்கள். நான் அத்தனை தொண்டை வறளப் பேசியும், இருவருமே ஒரு சொல் தமிழ் பேசவில்லை. பிள்ளைகள் ஒப்பித்தார்கள். நான் என் தாளில் தாய்மொழிக் கேள்விக்கு இல்லை, இல்லை என்று குறித்தேன். மனதுக்குள் அவர்களைக் கோழைகள் என்றேன். அவர்களுக்குத் தங்கள் ஊர் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கஸ்தூரி ஒரு பிளாஸ்டிக் கூடையோடு மேடை ஏறினார். உள்ளே மீன். உண்மையான மீன், அன்று காலை வந்தது. "இத யாரு புடிச்சாங்கோ?" என்று உரக்கத் தமிழில் கேட்டார். ஒரு நொடி பிள்ளைகள் தாளாளரைப் பார்த்தார்கள். பிறகு அணை உடைந்தது. "எங்கப்பா!" "எங்க சித்தப்பா டீச்சர்!" "அது சங்கரா இல்ல, கவலை மீனு!" என்று ஒரே கூச்சல். அவர் பேச விட்டார், சிரிக்க விட்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கையைப் பிடித்து இங்கிலீஷுக்குக் கூட்டிப்போனார். கால் மணி நேரத்தில் ஒரு சிறுமி, எழுதிவைத்த எதுவும் இல்லாமல், தானே யோசித்து, ஆங்கிலத்தில் சொன்னாள்: என் அப்பா கடலுக்குப் போனார், காற்று அடித்தது, மீன் இல்லை, அம்மா அழுதாள்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் கைதட்டினேன். என் இருபத்தெட்டு வருடத்தில் அப்படி ஒரு வகுப்பை ஐந்தாறு தடவைதான் பார்த்திருப்பேன். தாளில் எல்லாக் கட்டத்திலும் ஆம் போட்டேன். தாய்மொழியைப் பயன்படுத்தினாரா என்ற இடத்தில் மட்டும் ஆம் போட்டது போதாமல், வகுப்பு முழுவதும், மிக நன்றாக என்று எழுதி, அடிக்கோடு போட்டு, கையெழுத்துப் போட்டேன். கஸ்தூரியிடம் கொடுக்க எழுந்தேன். சபாபதி பணிவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஃபைல் பண்ணனும் மேடம்," என்றார். நான் விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் சபாபதி இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

"மேடம், மூணு பேருன்னு பேச்சு இருந்துது இல்லையா? இப்ப ஒருத்தரை மட்டும்தான் எடுக்கறாங்க. கஸ்தூரியை," என்றார் குனிந்தபடி. "உங்க தாளையே ஆதாரமா வெச்சுட்டாங்க. அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்கன்னு எனக்கு முன்னாலயே தெரியும் மேடம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எச்சில் கையோடு தாளாளர் அறைக்குப் போனேன். அவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். இளநீர் கொண்டுவரச் சொன்னார். நான் கத்தியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது படிச்சவங்க பேசற விஷயம் மேடம், நான் தப்புன்னு சொல்லல," என்றார். "ஆனா என் பேரண்ட்ஸ் எதுக்குக் கஷ்டப்பட்டு ஃபீஸ் கட்றாங்க? தன் பிள்ளை மீனைப் பத்திப் பேசக் கூடாதுன்னுதான். இன்னைக்கு நாலு பேரும் எழுந்து வந்து, தமிழ் பேசறதுக்கு கவர்மெண்ட் ஸ்கூல் இருக்கேன்னு கேட்டாங்க. அந்தம்மா ரகசியமா தமிழ் பேசறாங்கன்னு ரெண்டு வருஷமா புகார் வருது. என்கிட்ட ஆதாரம் இல்லாம இருந்தது. நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க."

அந்த நாலு பேரில் இருவர் படகுக்காரர்கள். தங்கள் பிள்ளை முதல் தடவையாகத் தன் வாயால் இங்கிலீஷ் பேசியதைக் கேட்டுவிட்டு, அவமானப்பட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று பார்க்கிறேன், வரவில்லை.

புதிய தாள் ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார். தாய்மொழியைப் பயன்படுத்தினாரா? இல்லை என்று போட்டேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். நான் ஊர் ஊராகப் போய்ப் பேசிய அத்தனையையும் அந்த ஒரு கட்டத்தில் வைத்து எரித்த மாதிரி இருந்தது. அவர் அதை மரியாதையோடு வாங்கிப் படித்துவிட்டு, பழைய தாளுக்கு அடியில் வைத்துக் கோப்பை மூடினார். "எல்லாரும் பாத்துட்டாங்களே மேடம்," என்றார்.

கஸ்தூரி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். கையில் காலிக் கூடை. அவருக்கு அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், நினைவில்லை.

"வுடுங்க மேடம்," என்றார். "நீங்க இன்னா பண்ணுவீங்க? புள்ளைங்க இன்னிக்குப் பேசிச்சுங்களே, அத நானே எதிர்பாக்கல." அவர் முகத்தில் கோபம் தேடினேன். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வைஷ்ணவியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"கல்பாக்கம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல ஆளு எடுக்கறாங்களாம். டீச்சர் புள்ளைக்கு அங்கயும் சீட்டு தருவாங்கோ. திங்கக்கெழம போயி பாக்கணும். அங்கயும் மொதல்ல வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லுவாங்க." கொஞ்சம் தயங்கினார். பிறகு, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரியே என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "மேடம், அங்க தமிழ்ல சொல்லலாமா, கூடாதா?"

பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"கூடாதும்மா," என்றேன். "ஒரு வார்த்தைகூடக் கூடாது. அந்த கார், ஆபீஸ், ஐஸ்க்ரீம் பாடத்தையே எடுங்க."

"சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.